அக்கிரகாரத்திடம் கேட்காத கேள்வி

எரவாளர் பழங்குடியினர் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்து தங்கிவிட்ட ஏழைகள். சலுகைக்காக ஒரு பழைய பெயரை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள். இந்தக் கண்டுபிடிப்பு பாலக்காட்டு எல்லையோரத்தில் எலப்புள்ளியிலிருந்து முதலமடை வரை டீக்கடை பெஞ்சுகளில் நெடுங்காலமாக உலவுவதுதான். இப்போது அதற்கு மானுடவியல் கலைச்சொற்களை உடுத்தி ஆராய்ச்சி என்று அரங்கேற்றுகிறார்கள். அரங்கேற்றுகிறவரை இங்கே ஆய்வாளர் என்றே அழைக்கிறேன். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் மரியாதை அல்ல. இந்த வாதத்துக்கு அவர் ஒருவர் மட்டும் சொந்தக்காரர் இல்லை. பெஞ்சில் இருக்கும்வரை அது வெறும் வம்பு. கட்டுரையாகிவிட்டால், வில்லேஜ் ஆபீஸில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பழங்குடிச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப அது போதும். ஆகவே வேலைமெனக்கெட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய முதல் ஆயுதம் மொழி. எரவாளர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆகவே தமிழர், ஆகவே வந்தேறிகள், ஆகவே பழங்குடியினர் அல்லர். மூன்று 'ஆகவே'க்களை ஒரே மூச்சில் தாண்டுகிறாரே, நடுவில் எங்காவது கால் ஊன்றினாரா? எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி சமஸ்தானத்தின் குலங்களையும் சாதிகளையும் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1909-ல் வந்தது. அதே ஆண்டில் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் எரவாளர் பற்றிய குறிப்பு உண்டு. அது ஐயரிடம் வாங்கிப் போட்டதுதான். சித்தூர் தாலுகாவின் காட்டு மக்கள், வில்வேடர் என்றும் சொல்வார்கள், பேசுவது தமிழ், சிலருக்கு மலையாளமும் வரும் என்பது அதன் சாரம். கொச்சி அரசுக்காகக் கணக்கெடுத்தவருக்கு, தமிழ் பேசும் காட்டுக்குடி என்பதில் எந்த முரணும் தென்படவில்லை. நூறாண்டு கழித்து, அவர் எழுதியதைப் புரட்டிக்கூடப் பார்க்காத ஒருவருக்குத் தென்பட்டுவிட்டது.

அந்த ஐயர் யார்? 1861-ல் பாலக்காடு லட்சுமிநாராயணபுரம் அக்கிரகாரத்தில் பிறந்தவர். எரவாளரின் பேச்சு தமிழ் என்று குறித்துக்கொண்டு வீடு திரும்பியவரின் வீட்டுப்பேச்சும் தமிழ்தான். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் தேர்வடம் பிடிக்கிறவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து கணவாய் வழியே வந்து குடியேறியவர்கள் என்பதை அவர்களே பெருமையோடு சொல்வார்கள். சொல்லட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. பாலக்காட்டின் சங்கீதமும் சமையலும் அவர்களால் செழித்தன. நான் கேட்பது வேறு. நீங்கள் எந்த நூற்றாண்டில் வந்தீர்கள், வந்ததற்கு ஆவணம் உண்டா, இந்த மண்ணுக்கு நீங்கள் சொந்தம் என்று எதை வைத்து நம்புவது என்று எந்த அக்கிரகாரத்தின் கதவையாவது ஆய்வாளர் தட்டியிருக்கிறாரா? போகட்டும், கண்யார்களி பார்த்திருப்பார். பாலக்காட்டு நாயர் தேசங்கள் இரவிரவாக ஆடும் அந்தச் சடங்குக் கூத்தில் தமிழ்ப் பாட்டுகள் கலந்தே வருகின்றன. தமிழ் பாடுகிறவர்கள் எல்லாரும் வந்தேறிகள் என்றால் பாதிப் பாலக்காட்டை வாளையாறு எல்லை தாண்டி அனுப்ப வேண்டியிருக்குமே? அனுப்பமாட்டார். மொழி என்பது அவருக்கு இனத்தை அளக்கும் கோல் அல்ல, ஆளைப் பார்த்து எடுக்கும் கோல்.

இன்னும் கொஞ்சம் தெற்கே, இடுக்கி மலைக்குப் போவோம். மன்னான்கள் தங்கள் மூதாதையர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் கூத்தில் பாடுவது கோவலன் கண்ணகி கதை. முதுவர்களும் மதுரையை விட்டு மலையேறிய கதையைத்தான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் பேச்சைத் தமிழின் அண்டைவீடு என்றே சொல்லிவிடலாம். இந்த இருவரும் கேரளத்தின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். முதுவர் வாழும் இடமலக்குடியை 2010-ல் மாநிலத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அறிவித்துக் கேரளம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. கோவில்மலையின் மன்னான் அரசர் ராமன் ராஜமன்னான் 2025 குடியரசு தின அணிவகுப்புக்கு விருந்தினராகத் தில்லி போனார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அட்டப்பாடி இருளர் நஞ்சம்மா ஒரு மலையாளப் படத்துக்குத் தன் தாய்மொழியில் பாடி 2022-ல் தேசிய விருது வாங்கினார். அந்தத் தாய்மொழி, மலையாளத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானது என்று எந்த மலையாள ரசிகரும் முகம் சுளிக்கவில்லை. ஆக, மதுரைப் பூர்வீகமும் தமிழ் நாக்கும் பழங்குடித் தன்மைக்குத் தடையில்லை, மலையில் இருக்கும்வரை. சமவெளியில், அடுத்தவர் பட்டா நிலத்தின் வரப்பில் குடிசை போட்டிருந்தால் மட்டும்தான் அதே தமிழ் குற்றமாகிறது.

இதைச் சொன்னதும் ஆய்வாளர் சட்டென்று இரண்டாவது பலகைக்குத் தாவுகிறார். எரவாளரிடம் பழங்குடிப் பண்புகள் எதுவும் மிச்சமில்லையாம். மாரியம்மன் நோன்பு கும்பிடுகிறார்கள், கைபேசி வைத்திருக்கிறார்கள், பேண்ட் போடுகிறார்கள், காட்டில் இல்லை. இந்தப் பட்டியலின் பூர்வீகம் எனக்குத் தெரியும். 1965-ல் லோகூர் குழு பழங்குடிகளை அடையாளம் காண ஐந்து குறிகள் சொன்னது: பழமையான வாழ்முறை, தனித்த பண்பாடு, தனிமைப்பட்ட நிலப்பகுதி, மற்றவர்களோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சம்! ஓர் இனத்தின் இருப்பைக் கூச்சத்தை வைத்து நிர்ணயித்த அந்த அதிகாரிகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்கள்கூட வேலை கேட்டு நிலக்கிழார் வாசலில் நிற்பவன் கூச்சத்தை விட்டுவிட்டதால் தன் குலத்தையும் விட்டுவிட்டான் என்று எழுதவில்லை.

காட்டில் இல்லை என்கிறாரே, காடு எங்கே போனது என்று கேட்டாரா? பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் போட்ட காட்டு டிராம்வே 1907-ல் ஓடத் தொடங்கி 1963 வரை ஓடியது. காட்டை ரயிலேற்றி அனுப்பியவர்கள் யார், அந்தப் பணத்தில் சமஸ்தானம் எப்படிக் கொழித்தது என்பதெல்லாம் ஆய்வாளரின் ஆராய்ச்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஐயர் பார்த்த காலத்திலேயே எரவாளரில் பலர் விவசாயிகளிடம் ஒட்டிக் கிடந்த ஆட்கள்: உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை. அதாவது அவர்களை வயலுக்கு இழுத்து வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. வேட்டையாடினால் வனச்சட்டம், உழுதால் பழங்குடியல்ல. அவர்கள் எதைத் தின்று பழங்குடியாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் விருப்பம்?

மாரியம்மன் விஷயம் இன்னும் வேடிக்கை. காளியும் முனியும் கன்னிமாரும் எரவாளரின் தெய்வங்கள் என்று அந்தப் பழைய பதிவுகளிலேயே இருக்கிறது. இவை கொங்குக் கவுண்டர் தோட்டங்களிலும் உள்ள தெய்வங்கள்தானே என்று மடக்குகிறார். ஆமாம். யாரிடமிருந்து யாருக்குப் போயின என்று எப்படித் தெரிந்துகொண்டார்? ஆண்டையின் சாமியைத்தான் அடிமை கும்பிட்டிருப்பான், அடிமையின் சாமி ஆண்டையின் வரப்பில் ஏறியிருக்காது என்ற முன்முடிவு இல்லாமல் இந்த வாதத்தில் ஓர் அடி நகர முடியாது. ஏழு கன்னிமாரின் கல் எந்த மூலையில் முதலில் நடப்பட்டது என்று அவரிடம் கல்வெட்டு ஏதும் இருந்தால் வெளியிடட்டும்.

சட்டமும் அவரைக் கைவிட்டுவிட்டது. சாமி, சடங்கு, கல்யாண முறை, இழவு முறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒருவர் உண்மையில் அந்தக் குலத்தவரா என்று சோதிக்கும் முறை 1994-ல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கிலிருந்து பரவியது. கேரளத்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிபுணர் வேலையைக் கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் செய்கிறது. ஆனால் 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்துத் தாகூர் பழங்குடியினர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: பண்பு ஒப்பீட்டுச் சோதனை இறுதி உரைகல் அல்ல, இடப்பெயர்ச்சியும் நவீன வாழ்வும் பழைய பழக்கங்களை மாற்றியிருக்கும். ஆய்வாளரின் கட்டுரையில் 1994 இருக்கிறது. 2023 இல்லை. மறதியா? அப்படியே வைத்துக்கொள்வோம், பெருந்தன்மைக்குப் பஞ்சமா.

இனி அவருடைய பிரமாஸ்திரம்: 1950. பட்டியல் பழங்குடிகள் ஆணை வந்த 1950 செப்டம்பர் 6 அன்று உன் பாட்டன் கேரளத்தில் இருந்தானா? இருந்தான் என்றால் காகிதம் காட்டு. கேட்கவே கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? ஒரே ஒரு சிக்கல்: அன்றைக்குக் கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. எலப்புள்ளி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலுள்ள சித்தூர் தாலுகா கொச்சியின் துண்டு. 1949-க்குப் பின் திருவிதாங்கூர்–கொச்சி. 1940-ல் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எலப்புள்ளிக்குக் கதிரறுக்கப் போன எரவாளர், ஒரே மாகாணத்துக்குள் ஒரு மாவட்டம் தாண்டினார், அவ்வளவே. அதே ஆண்டில் சித்தூரிலிருந்து எலப்புள்ளிக்கு நடந்து வந்தவர்தான் சமஸ்தான எல்லையைக் கடந்தவர். ஆய்வாளரின் கணக்கில் எல்லை கடந்தவர் மண்ணின் மைந்தர், கடக்காதவர் அந்நியர். அந்நாளைய வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்த்திருந்தால் இந்தப் பத்தியையே எழுதியிருக்கமாட்டார்.

இன்றைய கேரள நிலப்பரப்பு அன்று எந்த ஆட்சியில் இருந்தாலும் அதற்குள் வசித்தாலே போதும், சட்டத்தின் பொருள் அதுதான் என்று அவர் சார்பாக நானே சொல்லிவிடுகிறேன். மாநிலம் மாறினால் பட்டியல் தகுதி கூடவே போகாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளட்டும். அப்புறம்? எரவாளர் என்ற பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்ட ஒரு குடியை, எல்லையில் நிற்கிறது என்பதற்காக இரண்டு பக்கமும் இல்லாததாக்குவது எந்தச் சட்டத்தின் பொருள்? நிலக்கிழாரான ஜென்மியின் களத்தில் நெல்லைக் கூலியாக வாங்கியவனிடம் 1950-ன் பத்திரம் எப்படி இருக்கும்? பத்திரம் ஜென்மி வீட்டில் இருந்தது. இல்லாத காகிதத்தைக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது, தந்திரம்தான்.

நாள் குறித்து அடையாளம் கேட்கும் இந்த வித்தை எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. மாசாசூசெட்ஸ் கடலோரத்து மாஷ்பீ மக்கள் 1976-ல் தங்கள் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிலம் பின்னால் போனது, நீங்கள் முதலில் பழங்குடிதானா என்ற கேள்வி முன்னால் வந்தது. 1978 ஜனவரியில் ஜூரி தீர்ப்புச் சொன்னது: 1790-ல் இவர்கள் பழங்குடி அல்லர், 1834-லும் 1842-லும் பழங்குடியினர், 1869-ல் மறுபடியும் அல்லர். அதே மக்கள், அதே ஊர், நடுவில் எட்டு ஆண்டுகளுக்கு மட்டும் பழங்குடி! 2007-ல் அமெரிக்க அரசு அவர்களைப் பழங்குடி என்று அங்கீகரித்தது. ஆய்வாளர் அந்த ஜூரியில் இருந்திருக்க வேண்டியவர். பாலக்காட்டில் பிறந்து வீணாகிறார்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? தேவிகுளத்தில் எம்.எல்.ஏ.வாகத் தேர்வான ஆ. ராஜா பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பழங்குடி அல்ல. ஆனால் கேள்வி அதே அச்சில் வார்த்தது. 2021-ல் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்ப்புக் கோளாறு என்று இரண்டாம் முறை ஏற்க வேண்டி வந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. மதமாற்றம் பெரிய கேள்வி, குடும்பம் தோட்டத்துக்கு எப்போது வந்தது என்பது இன்னொரு கேள்வி. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளித் தேர்தலை உறுதிசெய்தது. கட்சியும் வழக்கறிஞர்களும் பின்னால் நின்ற ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே தான் யார் என்று சொல்லிக்கொள்ளத் தில்லிவரை போக வேண்டியிருந்தது. முதலமடை மாந்தோப்பில் காய் பொறுக்கும் பெண், தன் மகளின் பிளஸ் ஒன் சேர்க்கைக்குள் எங்கே போவாள்?

போலிச் சான்றிதழ்கள் பெருகிவிட்டன, உண்மையான பழங்குடியினரின் பங்கு பறிபோகிறதே என்று ஆய்வாளர் கண்ணீர் உகுக்கும் பத்தியும் உண்டு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. போலிகள் உண்டு, மறுக்கவில்லை. மாதுரி பாட்டீல் வழக்கே அப்படிப்பட்ட ஒன்றில் முளைத்ததுதான். ஆனால் போலி யாருக்குக் கிடைக்கிறது? தாசில்தாரைத் தெரிந்தவருக்கு, தரகருக்குக் கொடுக்கப் பணம் உள்ளவருக்கு, மருத்துவக் கல்லூரி இடத்தின் மதிப்பு தெரிந்தவருக்கு. அவர்களுடைய காகிதங்கள் எப்போதும் கச்சிதமாக இருக்கும். காகிதமே இல்லாதவனை மோசடிக்காரன் என்பதற்கு அபாரமான கற்பனை வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் கைதட்டக் கிளம்பிவிட வேண்டாம். எரவாளர் ஆதித்தமிழர், குறிஞ்சித் திணையின் எச்சம், மலையாளி பறித்துக்கொண்ட நம் ரத்தம் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் ஆய்வாளருக்கும் பெரிய வேற்றுமை இல்லை: இருவருக்கும் எரவாளர் ஒரு தனிக்குடியாக இருந்துவிடக் கூடாது. உங்கள் பக்கத்தின் லட்சணம் என்ன? மறையூரில் மலைப்புலையர் பட்டியல் பழங்குடி; அதே மக்கள் உடுமலைப் பக்கம் இறங்கினால் பட்டியல் சாதி. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் இனமே மாறிவிடுகிறது. பழங்குடிச் சான்று கேட்டு அலைந்து சலித்த ஒருவர் 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்தார். அவர் தமிழர்தான், தமிழ்நாட்டு அலுவலகங்களில்தான் அலைந்தார்.

கடைசியாக, யாரும் உரக்கச் சொல்லாத சமாச்சாரம். ஆய்வாளருக்கு எரவாளர் மேல் இத்தனை அக்கறை ஏன்? நிலத்தை முதலில் பார்ப்போம். அந்நியர் கைக்குப் போன பழங்குடி நிலத்தை மீட்டுத்தரக் கேரளம் 1975-ல் ஒரு சட்டம் போட்டது. கால் நூற்றாண்டு அதைக் கிடப்பில் போட்டது. பிறகு 1999-ல் வேறொரு சட்டம் கொண்டுவந்து இரண்டு ஹெக்டேர் வரை கைப்பற்றியவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. சான்றிதழ் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. சான்றிதழே இல்லை என்றாக்கிவிட்டால் கேட்கவே ஆள் இருக்காது. 1951-ல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர், இன்று பாதிகூட இல்லை. அங்கே குடியேற்றத்தால் முடிந்தது, இங்கே ஒரு வரையறையால் முடிகிறது, செலவும் குறைவு.

அடுத்தது தண்ணீர். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-ல் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது, கிணறுகள் கெட்டன, 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களின் முன்வரிசையில் மயிலம்மா இருந்தார். எரவாளர். பள்ளிக்கூடம் போகாதவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகத்திலிருந்து அறிஞர்களும் செய்தியாளர்களும் வந்தார்கள். அவர் வாழ்க்கையை அவர் சொல்ல, ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் புத்தகமாக்கினார். மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்தார். அந்த ஆண்டுகளில் கேரளத்துப் பத்திரிகைகளுக்கு அவர் ஆதிவாசி வீராங்கனை. ஆதிவாசி என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயர் அச்சேறியதே அரிது. அன்று அவருடைய பாட்டன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று யாராவது கேட்டார்களா? உலகத்துக்குக் காட்ட ஒரு பழங்குடி முகம் தேவைப்பட்டபோது எரவாளர் பழங்குடி; அதே எரவாளரின் பேத்தி சான்றிதழ் கேட்டு வரிசையில் நின்றால் தமிழ்க் கூலி. இந்த முரணை ஆய்வாளர் எங்கேயாவது தொட்டிருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். மயிலம்மாவின் பெயரே அவர் கட்டுரையில் இல்லை.

2025 ஜனவரியில் எலப்புள்ளியிலேயே எத்தனாலும் மதுவும் தயாரிக்கும் ஆலைக்கு மாநில அமைச்சரவை தொடக்க அனுமதி கொடுத்தது, ஊராட்சி எதிர்த்தது, தண்ணீர் யாருக்கு என்ற பழைய கேள்வி புதிதாகக் கிளம்பியது. இந்த மழைமறைவுப் பட்டையில் பழங்குடி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு கனம் உண்டு. பிளாச்சிமடையையே பாருங்கள்: 2010-ல் மாநில அரசின் உயர்மட்டக் குழு அதன் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. என்றைக்காவது அந்தப் பணம் பங்கிடப்படும் நாள் வந்தால், இந்தக் கிணற்றடியில் குடியிருந்தவர்கள் பூர்வகுடிகளே அல்லர், நேற்று வந்தவர்கள் என்று வாதாட ஒரு வழக்கறிஞர் எழுந்திருப்பார். அவர் பையில் யாருடைய கட்டுரை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.